நசீருதீன் நிரப்பிய கட்டங்கள்

நசீருதீனுக்கு வெற்றுக் கட்டம் ஆகாது. சிலருக்குக் கத்தரிக்காய் ஆகாது, சிலருக்குத் தூசி ஆகாது. இவருக்குக் கோடு போட்ட தாளில் ஒரு கட்டம் எழுதாமல் கிடந்தால் உடம்பே அரிக்கும். ரேஷன் கார்டு விண்ணப்பத்தில் 'வேறு விவரம் ஏதேனும் இருந்தால்' என்ற இடத்தில்கூட 'ஏதுமில்லை' என்று அழகாக எழுதிவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். நிக்காஹ் அன்று பதிவுப் புத்தகத்தில் ஒரு வரி காலியாக இருக்கிறதே என்று மாப்பிள்ளை எட்டிப் பார்த்ததை அவர் மனைவி ஜஹீரா இன்றுவரை சொல்லிக் காட்டுவாள். இதெல்லாம் சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது, 2009ஆம் வருடம் மார்ச் மாதம் வரைக்கும்.

இந்த வியாதி அவருக்குத் தோல் ஷாப்பில் தொற்றியது. நாகல்கேணியில் ஒரு தோல் பதனிடும் ஆலையில் இருபத்திரண்டு வருடம் ரிஜிஸ்டர் எழுதியவர். பெரிய மர உருளைகளில் தோல் ஊறும்போது மணிக்கொருதரம் சூடு பார்த்துக் குறிக்க வேண்டும். பார்க்க வேண்டிய ஆள் டீக்கடையில் உட்கார்ந்திருப்பான். நசீருதீன் அவனைத் தேடிக்கொண்டு போகமாட்டார்; முந்தின மணிக்கு என்ன எண்ணோ அதையே எழுதிவிடுவார். ஒரு மணி நேரத்தில் தோல் எழுந்து ஓடிவிடுமா என்ன? வெளிநாட்டுக்காரர்கள் வந்து ரிஜிஸ்டரைப் புரட்டிப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போவார்கள். முதலாளி அவரைக் கூப்பிட்டுத் தட்டிக்கொடுப்பார். இருபத்திரண்டு வருடம் தட்டிக்கொடுத்த காரியம் தப்பு என்று எந்த மனிதனுக்குத்தான் தோன்றும்?

ஆலையை இழுத்து மூடினார்கள். பல்லாவரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் நின்றுகொண்டே மூன்று வருடம் ஓட்டினார். 2005 நடுவில், கடலைப் பார்க்கிற ஆபீஸ் ஒன்றுக்கு நல்ல கையெழுத்துக்காரர் வேண்டும் என்று யாரோ சொல்ல, சேலையூருக்குப் போய் நின்றார்.

அந்த ஆபீஸின் பெயர் 'நாலுகரைக் கூட்டு'. கேட்டால் ஏதோ சமையல் குறிப்பு மாதிரி இருக்கும். சுனாமி வந்து கரையெல்லாம் வாரிக்கொண்டு போன பிறகு, இந்தியா, இலங்கை, வங்கதேசம், மியான்மர் என்று நாலு நாட்டுக் கடலோரத்தையும் ஒரே மாதிரி அளந்து, ஒரே வரைபடத்தில் போட வேண்டும் என்று டாக்டர் சுபத்ரா என்கிற ஒரு கல்லூரிப் பேராசிரியை கிளம்பினார். வேங்கைவாசல் வீட்டை விட்டுவிட்டு ரயிலும் விமானமுமாக அலைந்தார். ஒரு நாட்டுக்காரர் இன்னொரு நாட்டுக்காரரை நம்பமாட்டார். கல்லூரிக்காரர் மீனவரை நம்பமாட்டார். மீனவர் யாரையுமே நம்பமாட்டார், அதற்கு அவர்களிடம் நியாயமும் உண்டு. எல்லாரையும் உட்கார வைத்து, ஒரே படிவத்தில் எழுத வைப்பதற்குள் அந்த அம்மாளுக்குத் தலை நரைத்துவிட்டது. கூட்டு நாலு நாட்டில் இருந்தாலும் இந்தக் கரைக்கான ஆபீஸ் சேலையூரில் ஒரு வீட்டின் மாடியில் இரண்டு அறைதான். கீழே வீட்டுக்காரர்.

கூட்டின் விதிகளில் இரண்டு முக்கியம். ஒரு கரையின் கணக்கில் பொய் என்று தெரிந்தால் அந்த நாட்டுக் கரை முழுவதும் வரைபடத்திலிருந்து எடுக்கப்படும். மாதத்தில் மூன்று நாள் அளவு விட்டுப்போனால் அந்த மாதம் செல்லாது. முதல் விதியை நசீருதீன் ஒருமுறை படித்தார். இரண்டாவதை மனப்பாடம் செய்துகொண்டார்.

பதினொரு குப்பங்களிலிருந்து அளவு வரும். அதில் பனையடிக்குப்பத்திலிருந்து கொண்டுவருகிறவள் கங்கையம்மாள். மீன்காரி. விடிவதற்குள் கரைக்குப் போய், சுபத்ரா நட்டுவைத்த சிவப்புக் கல்லிலிருந்து ஈர மணல் வரைக்கும் கயிறு பிடிப்பாள். கயிற்றில் பாகத்துக்கு ஒரு முடிச்சு; இரண்டு கையையும் விரித்தால் என்ன நீளமோ அது ஒரு பாகம். எழுத்து தெரியாது, எண் தெரியும். முடிச்சுகளை எண்ணிப் படிவத்தில் போட்டுக்கொண்டு, கூடையோடு பஸ் ஏறி மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டுக்கு வருவாள். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை சேலையூரில் இறங்கி, மாடிப்படியில் கூடையை வைத்துவிட்டு, இடுப்பிலிருந்து படிவத்தை எடுத்துக் கொடுப்பாள். அது ஈரமாக இருக்கும், நாறும். கீழ் வீட்டுக்காரர் சுத்த சைவம். "சார், மேல ஆபீஸா மார்க்கெட்டா?" என்று இரண்டு தடவை ஏறி வந்து கேட்டுவிட்டார். அதனால் நசீருதீன் படிவத்தைத் தன் முத்துமுத்தான கையெழுத்தில் ரிஜிஸ்டரில் ஏற்றி, கம்ப்யூட்டரிலும் ஏற்றியவுடன், சனிக்கிழமை தோறும் அந்தத் தாளைக் கொல்லையில் வைத்துக் கொளுத்திவிடுவார். யாரும் கொளுத்தச் சொல்லவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் யாருக்கும் தோன்றவில்லை.

கங்கையம்மாளின் படிவத்தில் சில நாட்களுக்கு எண் இருக்காது. ஒரு சுழி இருக்கும். அவர்கள் ஊரில் சாவு விழுந்தால் பிணம் எடுக்கிறவரை யாரும் கடற்கரையில் கால் வைக்கக்கூடாது என்பது கட்டுப்பாடு. சுழி போட்டால் அன்று ஊரில் யாரோ போய்விட்டார்கள் என்று அர்த்தம். இதை அவளும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. நசீருதீன் கண்ணுக்கு அது காலிக் கட்டம், அவ்வளவுதான். இரண்டு விட்டாயிற்று, மூன்றாவது விழுந்தால் மாதம் போய்விடும், பாவம் அந்த அம்மா விடிகாலையில் எழுந்து அளந்ததெல்லாம் வீண் என்று அவருக்கு மனசு கேட்கவில்லை. முந்தின நாள் எண்ணை எழுதினார். பிறகு பழக்கம் முந்திக்கொண்டது. ஒரு சுழி வந்தாலே கை தானாக எழுதியது. கெட்ட எண்ணம் எள்ளளவும் கிடையாது. எள்ளளவு கெட்ட எண்ணம் இருந்திருந்தால் பயந்தாவது நிறுத்தியிருப்பார்.

இதற்கிடையில் பனையடிக்குப்பத்துக்குத் தெற்கே, தனியார் படகுத்துறைக்கு என்று கல்லைக் கொட்டிக் கடலுக்குள் ஒரு சுவர் எழுப்பினார்கள். தெற்கிலிருந்து வருகிற மணல் சுவரில் தேங்கியது. வடக்கே இருந்த குப்பத்தில் கடல் ஊரைத் தின்னத் தொடங்கியது. 2005இல் நாற்பத்தெட்டு பாகம் இருந்த கரை 2008 முடிவில் இருபத்துநாலு. சுவரை இன்னும் இருநூறு மீட்டர் நீட்ட மனுப் போட்டிருந்தார்கள். ஊர்க்காரர்கள் வேண்டாம் என்று எதிர்மனுப் போட்டார்கள். விசாரணைக் குழு ஒன்று உட்கார்ந்தது. சுவர் வருவதற்கு முன்னும் பின்னும் கரை எவ்வளவு இருந்தது என்பதற்கு இந்த உலகத்தில் ஒரே சாட்சி, கங்கையம்மாளின் கயிறு. நாலு நாட்டுக் கூட்டும் சரி என்று முத்திரை வைத்துக் கொடுத்தால் அந்தச் சாட்சியை யாரும் தள்ள முடியாது. சுவர் நீளாமல் நின்றால் இருநூற்றெழுபது வீடு பிழைக்கும். நீண்டால், ஊரையே பெயர்த்து எங்கோ உள்ளே மாடிக் குடியிருப்பில் கொண்டுபோய் வைப்பார்கள். கடல் இல்லாத இடத்தில் அவர்கள் எதைப் பிடித்துப் பிழைப்பது?

2009 மார்ச்சில் கூட்டின் வருடாந்தரக் கூட்டம் நடந்தது. முத்திரை வைக்க வேண்டிய நாள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடையும் என்பார்களே, அப்படித்தான் உடைந்தது. வங்கதேசத்திலிருந்து வந்த பெரியவர், சாதுவான மனிதர், ரிஜிஸ்டரை ஒரு பக்கத்தில் நிறுத்தினார். போன நவம்பர் புயலில் ஆறு நாள். ஆறு நாளும் இருபத்தேழு, இருபத்தேழு என்று இருந்தது. "புயல் அடித்த வாரத்தில் உங்கள் கரை ஒரு விரல்கூட நகரவில்லையா?" என்று இங்கிலீஷில் மெதுவாகக் கேட்டார்.

அந்த ஆறு நாளும் குப்பம் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியிருந்தது. அது போகட்டும், நசீருதீன் எங்கே இருந்தார்? அனகாபுத்தூரில் அடையாற்றுத் தண்ணீர் வீட்டுக்குள் முழங்கால் மட்டும் ஏறி, பீரோவைச் செங்கல் மேல் தூக்கி வைத்துவிட்டு, ஜஹீராவோடு கட்டில் மேல் உட்கார்ந்திருந்தார். தண்ணீர் வடிந்து ஆபீஸுக்கு வந்த மனிதர், ஆறு சுழிகளைப் பார்த்ததும் இருபத்தேழு இருபத்தேழாக எழுதினார். எத்தனை தடவை சொன்னாலும் நம்ப முடியாத முட்டாள்தனம். ஆனால் பழக்கம் என்றால் அதுதான்.

நசீருதீன் மறைக்கவில்லை. அன்று மாலையே சுபத்ராவின் மேசை முன் நின்று, நான்தான் எழுதினேன், அந்த அம்மா எழுதவில்லை என்று சொல்லிவிட்டார். எத்தனை நாள் என்று கேட்டார் சுபத்ரா. தெரியவில்லை என்றார். அசல் படிவம் எங்கே என்று கேட்டார். கொளுத்தியதைச் சொன்னார். சுபத்ரா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"காலியா விட்டிருந்தா ஒரு மாசம்தான் பாய் போயிருக்கும்," என்றார். "இப்ப எது அவங்க அளந்தது, எது நீங்க எழுதினதுன்னு அந்த ஆண்டவனாலகூடப் பிரிக்க முடியாது."

ஒரு குடம் பாலுக்கு ஒரு துளி விஷம் போதும். கரை சில நாள் தானாகவே நகராமல் இருக்கும். அதனால் ஒரே எண் இரண்டு தடவை வந்தால் அது நசீருதீன் எழுதியது என்றும் சொல்ல முடியாது. முத்திரை கிடையாது என்று கூட்டம் முடிவு செய்தது. ஆனால் ஒரு மாதம் அவகாசம் கொடுத்தார்கள். எந்தெந்த நாள் அளக்கவில்லை என்று காரணத்தோடு நிரூபித்தால், அவற்றை நீக்கிவிட்டு மீதியை ஏற்கலாம் என்றார்கள்.

மறுநாள் மத்தியானம் நசீருதீன் மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போனார். கங்கையம்மாள் சங்கரா மீனைச் செதில் சுரண்டிக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். அடிப்பாள், திட்டுவாள், கூட்டம் கூடும் என்று நினைத்துத்தான் போயிருந்தார். அவள் கையை நிறுத்தவில்லை. புயல் நாட்களைத் தவிர சுழி போட்டதெல்லாம் சாவு என்று அன்றைக்குத்தான் சொன்னாள்.

"குந்து பாய்," என்றாள். "சாவுதானே? நான் சொல்றேன், நீ எய்திக்கோ."

ஐஸ் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு நசீருதீன் உட்கார்ந்தார். மூன்று மத்தியானம் அப்படி உட்கார்ந்தார். வஞ்சிரம் கேட்பவருக்கும் நெத்திலி கேட்பவருக்கும் நடுவில் அவள் சாவு சொன்னாள். ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள் படகு கட்டுகிற குப்பன். பொங்கலுக்கு மூன்று நாள் முன்னால் புஷ்பத்தின் மாமியார். பெரிய கோயில் கூழ் ஊற்றிய வாரம் செவ்வாய்க்கிழமை, பேர்கூட வைக்காத குழந்தை ஒன்று. ஊரில் பிறந்தவர்களை மறந்திருந்தாள், போனவர்களில் ஒருவரையும் மறக்கவில்லை. நசீருதீன் அந்தந்த வருடத்துப் பாக்கெட் காலண்டரில் தேதி பார்த்து ரிஜிஸ்டரைப் புரட்டுவார். அங்கே முந்தின நாளின் எண் அப்படியே நிற்கும். ஒவ்வொரு தடவையும் அவர் வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. நாற்பத்தொரு சாவு. நாற்பத்தொன்றும் பொருந்தியது. ஊரார் சாவைக் கேட்டுச் சந்தோஷப்படுகிற நிலைக்கு வந்துவிட்டோமே என்று வீட்டுக்குப் போய் ஜஹீராவிடம் அழுதார்.

மிச்சம் ஒன்றுதான். 2007 பங்குனியில் தொடர்ந்தாற்போல் பதினாறு நாள், இருபத்தொன்பது, இருபத்தொன்பது என்று இருந்தது. இத்தனை நாள் எந்தக் கரையும் நகராமல் இருக்காது. இவர் எழுதியதாகத்தான் இருக்க வேண்டும். அதைப் பற்றிக் கேட்டார்.

"நெனப்பு இல்ல பாய்," என்றாள். அடுத்த ஆளுக்கு மீன் நிறுக்கத் திரும்பிக்கொண்டாள்.

நசீருதீன் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கட்டத்தை இட்டுக்கட்டி நிரப்பாமல் விட்டார். நாற்பத்தொரு பெயர், நாற்பத்தொரு தேதி, புயலின் ஆறு நாள். அதற்குக் கீழே, பங்குனிப் பதினாறு நாளுக்கு நேராக, 'காரணம் தெரியவில்லை' என்று நேர்மையாக எழுதினார். சுபத்ரா அதை நாலு நாட்டுக்கும் அனுப்பினார்.

பதில் ஏப்ரல் கடைசியில் வந்தது. நாற்பத்தொரு மரணத்தை நாள் தவறாமல் நினைவு வைத்திருக்கும் ஒருவருக்குத் தொடர்ந்து பதினாறு நாள் ஏன் அளக்கவில்லை என்பது நினைவில்லை என்றால், அந்த நாற்பத்தொன்றையும் ரிஜிஸ்டரைப் பார்த்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்றே கருத வேண்டியிருக்கிறது. இந்தியக் கரை முழுவதும் வரைபடத்திலிருந்து எடுக்கப்படுகிறது என்று எழுதியிருந்தார்கள். நல்ல அறிவாளிகள். அந்த நியாயத்தில் ஓட்டை கண்டுபிடிக்க நசீருதீனால்கூட முடியவில்லை. விசாரணைக் குழுவும் அந்த வாரமே உட்கார்ந்து, சாட்சி இல்லை என்று எழுதி, சுவரை நீட்டிக்கொள்ளலாம் என்று எழுந்துவிட்டது. சுபத்ரா நாலு வருடம் ஒட்டவைத்தது நாலு வரிக் கடிதத்தில் விட்டுப்போயிற்று. அவர் கல்லூரிக்கே திரும்பிப் போய்விட்டார். ஆபீஸைக் காலி செய்ய நசீருதீனுக்கு ஒரு வாரம் கொடுத்தார்கள்.

எல்லாம் முடிந்தது. இனி யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. நல்ல புத்தியுள்ளவன் ஜெராக்ஸ் கடையைப் பார்த்துப் போயிருப்பான். நசீருதீனால் முடியவில்லை. அந்தப் பதினாறு கட்டம் அவர் தூக்கத்தைக் கெடுத்தது. ஏன் அளக்கவில்லை? ஒரு காரணம் இருக்குமே? வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் பல்லாவரத்தில் பஸ் பிடித்து மார்க்கெட்டுக்குப் போனார். தீர்ப்பு வந்த செய்தியை முதலில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லத் துணிவு வரவில்லை. கவிழ்த்த பெட்டியில் உட்கார்ந்ததும், "கங்கம்மா, அந்தப் பங்குனி மாசம் நல்லா யோசிச்சுப் பாருங்கம்மா," என்றுதான் ஆரம்பித்தார். "பதினாறு நாள். ஏதாவது இருந்திருக்கும்."

அன்று மீன் அதிகம் இல்லை. கத்தியைச் சாக்கின் மேல் வைத்தாள். முந்தானையால் கையைத் துடைத்தாள், துடைத்த கையையே மறுபடி துடைத்தாள்.

"எம்புள்ள பாய். விக்கி," என்றாள். "மீன் டெம்போல போனான். வண்டலூர் ரோட்ல கவுந்துச்சு. பதினாறு நாளு காரியம் முடியற வரிக்கும் நான் வூட்ட வுட்டு எறங்கல. ஊரு சாவெல்லாம் வாயில வந்துச்சு. அது மட்டும் வரல."

நசீருதீனுக்கு நினைவு வந்தது. அந்த இரண்டு வாரமும் படிவத்தைப் பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி கொண்டுவந்தாள், அந்தம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்றாள். மூன்றாவது வாரம் கங்கையம்மாளே வந்தாள். அவளை நிறுத்தி, இப்படிக் காலியாக விடக்கூடாதம்மா, நான் இருந்ததால் சமாளித்தேன், இனிமேல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று புத்தி சொல்லி அனுப்பினார். அவள் தலையாட்டிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள்.

"அந்தப் பதினாறு நாளுக்கு இன்னா எய்தி வெச்சே?" என்று கேட்டாள்.

"இருபத்தொம்பது."

"அல்லா நாளுக்குமா?"

"எல்லா நாளுக்கும்."

எதிர்க்கடையில் ஒருவன் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தான். அவள் கண்ணில் தண்ணீர் வந்தது, அதைத் துடைக்கவில்லை, மீன் கை. பிறகு ஒரு முடிவுக்கு வந்தவளைப் போல நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"சரி. அத்த அட்ச்சிட்டு எம்புள்ள பேர எய்து. பங்குனி மொத தேதி, வியாயக்கெயம. டெம்போ கவுந்துச்சுன்னும் எய்து. அல்லாத்தையும் சொல்லிட்டேன். இப்ப செல்லுமில்ல?"

நசீருதீன் ரிஜிஸ்டரைக்கூடக் கொண்டுவந்திருக்கவில்லை. அதைப் பழைய பேப்பர் கட்டோடு கட்டிவைத்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

"செல்லாதும்மா," என்றார். "போன வாரமே எல்லாம் முடிஞ்சு போச்சு. சுவர் வருது."

கங்கையம்மாள் அவரை முகத்துக்கு நேராகப் பார்த்தாள்.

"அப்ப இன்னாத்துக்குப் பாய் என்னைச் சொல்ல வெச்ச?"